மணல்திட்டில் திருக்கைகள்: எந்தப் படகில் ஏறலாம்?

கரை இறங்கும் நேரம்: வாசகர் கேள்வி பதில்

விடுமுறைக் காலம் நெருங்குவதால் கரீபியன் கப்பல் பயணம் பற்றி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. கிராண்ட் கேமன் தீவில், ஆழமில்லாத கடலில் திருக்கை மீன்களோடு நின்று இரை கொடுக்கிற திருக்கை மணல்திட்டைப் பற்றிப் பலரும் கேட்டிருப்பதால் இம்முறை முழுப் பகுதியும் அதற்கே.

கேள்வி: டிசம்பரில் கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து ஏழு நாள் கப்பல் பயணம் போகிறோம். நான், கணவர், ஏழு வயது மகள், பன்னிரண்டு வயது மகன், தூத்துக்குடியிலிருந்து வந்திருக்கும் மாமியார். ஒரு நாள் கிராண்ட் கேமனில் கப்பல் நிற்கிறது. கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலாவில் பெரிய கேட்டமரான் படகு. தீவில் உள்ளவர்கள் நடத்தும் சின்னப் படகில் பதினைந்து பேர்தான் என்கிறார்கள். கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கப்பல் சுற்றுலாதான் பத்திரம் என்கிறார் கணவர். எதில் போவது?
வாசகி, ஹூஸ்டன்

பதில்: சின்னப் படகில் போங்கள். ஆனால் 'சின்னக் குழு' என்று விளம்பரம் செய்கிற எல்லோரையும் நம்பிவிடாதீர்கள்.

முதலில் உங்கள் கணவரின் பக்கம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தீவின் தலைநகர் ஜார்ஜ் டவுனில் பயணிகள் கப்பல் வந்து அணைகிற துறை கிடையாது. கட்டலாமா என்று 2025 ஏப்ரலில் பொதுவாக்கெடுப்பு நடத்தினார்கள். மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். கப்பல் கரைக்குச் சற்றுத் தள்ளி நங்கூரம் போடும். டெண்டர் என்கிற சிறு படகுகளில் பயணிகள் கரைக்கு வரவேண்டும். கப்பலில் சுற்றுலா வாங்கியவர்களைப் பெரும்பாலும் முதல் டெண்டர்களிலேயே இறக்கிவிடுவார்கள். அவர்கள் திரும்பத் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். வெளியே பதிவு செய்தவர்களுக்காகக் காத்திருக்காது. இந்த ஒரு பாதுகாப்புக்குத்தான் நீங்கள் கப்பல் சுற்றுலாவுக்குப் பணம் கொடுக்கிறீர்கள்.

மற்ற எல்லாவற்றிலும் சின்னப் படகே மேல். நான் கப்பலில் கரைச் சுற்றுலா மேசையில் வேலை பார்த்த ஆண்டுகளில், மாலையில் திரும்பி வருகிறவர்களிடம் விசாரிப்பது வழக்கம். பெரிய படகில் போனவர்கள் அநேகமாக ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "வரிசையில் நின்றோம், போட்டோ எடுத்தார்கள், ஏறச் சொல்லிவிட்டார்கள்." அறுபது பேரை இறக்கி, முக்கால் மணி நேரத்தில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு திருக்கையைக் காட்டிப் படம் எடுத்து முடிக்க வேண்டுமானால் வேறு வழியே இல்லை. பதினைந்து பேர் போன படகிலிருந்து வருகிற பிள்ளைகளோ திருக்கையின் கண் எங்கே இருக்கிறது, வாய் எங்கே இருக்கிறது, எப்படி மூச்சு விடுகிறது என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போவார்கள். உங்கள் மகளும் மகனும் அப்படித் திரும்ப வேண்டும் என்பதே என் ஆசை.

பணம் கட்டும் முன் மின்னஞ்சலில் சிலவற்றைக் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். படகில் அதிகபட்சம் எத்தனை பேர் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். தண்ணீருக்குள் உங்களோடு இறங்குகிற வழிகாட்டிகள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். இருபது பேருக்கு ஒரே வழிகாட்டி, அவரே படகோட்டி, அவரே போட்டோகிராபர் என்றால் அந்தப் படகு வேண்டாம். ஏழு வயதுப் பிள்ளையோடு போகிறவர்களுக்கு எட்டுப் பேருக்கு ஒருவராவது தண்ணீரில் இருப்பதுதான் சரி.

அடுத்து ஏணி. இதை யாரும் கேட்பதில்லை. மணல்திட்டில் தண்ணீர் மூன்று நான்கு அடி; இறங்குவது எளிது, ஏறுவதுதான் சிரமம். செங்குத்தாகத் தொங்குகிற குறுகிய இரும்பு ஏணியில், அலை ஆட்டுகிறபோது, நனைந்த உடையோடு உங்கள் மாமியார் ஏற முடியுமா? அகலப் படிகளும் இரண்டு பக்கமும் கைப்பிடியும் உள்ள படகுகள் அங்கே உண்டு. படிக்கட்டின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். நல்ல படகுக்காரர் உடனே அனுப்பிவிடுவார்.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியம். அவர்களே வெளியிட்டிருக்கும் படங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். திருக்கையைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிப் பிடித்திருக்கிறார்களா? தலைக்கு மேல் வைத்துச் சிரிக்கிறார்களா? வாலைப் பிடித்து இழுக்கிறார்களா? அப்படி ஒரு படம் கண்ணில் பட்டாலும் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். திருக்கையின் உடம்பில் எலும்பே கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. தண்ணீர் தாங்குவதற்காக அமைந்த உடம்பு அது. காற்றில் தூக்கினால் தன் எடையே அதற்குப் பாரம். தோலைக் காக்கிற வழவழப்பும் கையோடு வந்துவிடும். அங்கே திருக்கையைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுப்பது சட்டப்படி குற்றம். விளம்பரப் படத்திலேயே சட்டத்தை மீறுகிறவர், படகில் உயிர்காப்புச் சட்டைகளைச் சரியாக வைத்திருப்பார் என்று நான் நம்பமாட்டேன்.

நேரக் கணக்கையும் பாருங்கள். கேமன் தீவுகளில் கோடைக்கும் குளிருக்கும் கடிகாரத்தை மாற்றுவதில்லை. டிசம்பரில் ஹூஸ்டன் நேரத்தைவிடத் தீவு ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். கப்பல் தன் கடிகாரத்தை மாற்றாமல் கால்வெஸ்டன் நேரத்திலேயே வைத்திருந்தால், படகுக்காரரின் ஒன்பது மணி உங்களுக்கு எட்டு மணி. கைப்பேசி தானாகத் தீவு நேரத்துக்கு மாறிவிடுவதால் குழப்பம் இரட்டிப்பாகும். கப்பல் நேரத்தைக் காட்டும் சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். கடைசி டெண்டர் புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது துறைக்குத் திரும்பிவிடுகிற சுற்றுலாவாகத் தேர்ந்தெடுத்தால் உங்கள் கணவரின் கவலையும் தீரும். துறைமுகத்திலிருந்து படகுத்துறைக்கு வேனில் போகவேண்டும், அங்கிருந்து மணல்திட்டுக்கு இன்னும் அரை மணி நேரம் போல ஆகும். இதையெல்லாம் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

கட்டணம் எந்த டாலரில் என்றும் கேளுங்கள். ஒரு கேமன் டாலர் 1.20 அமெரிக்க டாலருக்குச் சமம். 'அறுபது டாலர்' என்று சொன்னது கேமன் டாலராக இருந்தால், ஐந்து பேருக்கு வித்தியாசம் அறுபது அமெரிக்க டாலர்.

கேள்வி: முதலைகளோடு தொலைக்காட்சியில் தோன்றிய ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் இர்வினைக் கொன்றது திருக்கைதானே? அந்த மீனோடு பிள்ளைகளைக் குளிக்க விடுவது அறிவுடைமையா?
வாசகர், சென்னை

பதில்: ஆம், 2006 செப்டம்பர் 4 அன்று குயின்ஸ்லாந்து கடலில் திருக்கையின் முள் அவர் மார்பில் பாய்ந்தது. திருக்கையால் மனிதர் இறப்பது மிக மிக அரிது. குத்துப்படுவது அவ்வளவு அரிதல்ல. பெரும்பாலும் அது காலில்தான் படும். ஹூஸ்டன் வாசகியின் மாமியார் தூத்துக்குடிக்காரர் என்பதால் அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வலையில் திருக்கை ஏறினால் முள்ளோடு வாலை முதலில் வெட்டிப் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை.

கேமனில் இருப்பது தெற்குத் திருக்கை என்கிற இனம். பெண் திருக்கை ஒன்றரை மீட்டர் அகலம் வரை வளரும்; ஆண் அதில் பாதி கூட இராது. வாலில் அரத்தைப் போலப் பல் வைத்த நஞ்சுமுள் உண்டு. அங்கே அதை வெட்டிவிடுவதில்லை. ஆனால் திருக்கை அந்த முள்ளைக் கொண்டு தேடிவந்து தாக்குவதில்லை. யாராவது மேலே மிதித்தாலோ, தப்ப வழியில்லாமல் அமுக்கினாலோதான் வாலைச் சுழற்றும். ஆகவே மணல்திட்டில் காலைத் தூக்கி வைத்து நடக்கக் கூடாது. பாதத்தை மணலோடு தேய்த்துத் தேய்த்து நகர வேண்டும். மணல் அசைவதை உணர்ந்து திருக்கை தானே விலகிவிடும். பிள்ளைகளுக்கு இதைக் கப்பலிலேயே நடக்கப் பழக்குங்கள். அறைக்கு வெளியே நீண்ட நடைக்கூடம் இருக்கிறது, விளையாட்டாகவே கற்றுக்கொள்வார்கள்.

பலருக்கு உண்மையில் நேர்வது வேறொன்று. இரை கொடுக்கும்போது கையைச் சேர்த்து உறிஞ்சிவிடும். திருக்கைக்குக் கண் முதுகுப் பக்கம், வாய் வயிற்றுப் பக்கம். வாய்க்கு அருகே இருப்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. மணத்தையும் இரையின் உடம்பிலிருந்து வரும் மெல்லிய மின்துடிப்பையும் வைத்துத்தான் கண்டுபிடிக்கும். கணவாய்த் துண்டைப் பிடித்திருக்கும் கட்டைவிரல் நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். கூரான பற்கள் இல்லை. சிப்பியையும் நண்டையும் நொறுக்குகிற தட்டையான பல்வரிசைதான். ஆனாலும் நன்றாக வலிக்கும், தோல் சிவந்து கன்றும். ஐந்து விரலையும் மடக்கி, துண்டு முஷ்டியின் மேல்பக்கம் மட்டும் தெரியும்படி பிடித்து, தண்ணீருக்கு அடியில் அசையாமல் வைத்திருங்கள். அது மேலே ஏறி வந்து மூடிக்கொள்ளும். ஈரமான காளான் குடையைத் தடவுவது போன்ற வயிறு கைமேல் வழுக்கிப் போகும், சட்டென்று ஓர் இழுப்பு, துண்டு போயிருக்கும். அந்த நொடியில் கண்ணுக்குப் பின்னால் உள்ள இரண்டு துளைகளைக் கவனியுங்கள். திறந்து மூடித் திறந்து மூடி, அதன் வழியாகத்தான் தண்ணீரை உள்ளே இழுத்து மூச்சு விடுகிறது. சில வழிகாட்டிகள் பிடிமானத்துக்காக அங்கேயே விரலை வைப்பார்கள். அதைப் பார்த்தால் கூச்சப்படாமல் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தப்பித்தவறி முள் குத்திவிட்டால் பனிக்கட்டி வைக்கக் கூடாது. தாங்கக்கூடிய அளவு சூடான நீரில், ஏறத்தாழ 42 முதல் 45 டிகிரி செல்சியஸ், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காலை அமிழ்த்தி வைக்க வேண்டும். வலி தணிவது அதில்தான். குத்துப்பட்ட காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது. முதலில் வேறொருவர் கைவிட்டுப் பார்க்கட்டும். முள்முனை உள்ளே ஒடிந்திருக்கக்கூடும் என்பதால் மருத்துவரிடம் கட்டாயம் காட்ட வேண்டும். மார்பிலோ வயிற்றிலோ கழுத்திலோ தைத்திருந்தால் முள்ளைப் பிடுங்கவே கூடாது. படகில் வெந்நீருக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்கிற படகுக்காரரை நம்பலாம்.

கேள்வி: காட்டு உயிருக்கு இரை போட்டுப் பழக்கி, அதைக் காசாக்குவது சரியா? என் மகள் கல்லூரியில் உயிரியல் படிக்கிறாள். அவள் இந்தச் சுற்றுலாவுக்கு வரமாட்டேன் என்கிறாள்.
வாசகர், டொரன்டோ

பதில்: உங்கள் மகளின் தயக்கத்தை மதிக்கிறேன். அவள் பக்கம் ஆய்வுகளும் இருக்கின்றன.

இது சுற்றுலாவுக்காகத் தொடங்கியதல்ல. வட கடற்கழியின் வாயில், பவளப்பாறைத் தடுப்புக்கு உள்ளே அலை அடங்கிய இடத்தில், மீனவர்கள் படகை நிறுத்தி மீனையும் சங்குச் சதையையும் சுத்தம் செய்வார்கள். கழிவைக் கடலில் தள்ளுவார்கள். அந்த மணத்துக்குத் திருக்கைகள் கூடின. காலப்போக்கில் படகு எஞ்சின் சத்தம் கேட்டாலே வரத் தொடங்கின. 1980களின் நடுவில் முக்குளிப்பவர்கள் கையால் இரை கொடுக்க ஆரம்பித்தார்கள். பிறகு உலகமே அங்கே திரண்டுவிட்டது.

இயற்கையில் தெற்குத் திருக்கை தனியாகத் திரியும், இரவில்தான் இரை தேடும். மணல்திட்டில் உள்ளவை பகலில் நடமாடி இரவில் ஓய்வெடுக்கின்றன, கூட்டமாக நெருங்கி இருக்கின்றன, ஆண்டு முழுவதும் இனப்பெருக்கம் செய்கின்றன. 2013ஆம் ஆண்டு வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அதற்கு முன்பு நடந்த ஆய்வுகளில், சுற்றுலா இடத்துத் திருக்கைகளின் உடம்பில் படகு மோதிய காயங்களும், ஒன்றையொன்று கடித்த தழும்புகளும், ஒட்டுண்ணிகளும் மற்ற இடங்களில் உள்ளவற்றைவிட அதிகம் என்று கண்டார்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தத் திருக்கைகளுக்கு விலை இருப்பதால்தான் அவற்றுக்குப் பாதுகாப்பும் கிடைத்தது. 2007இல் மணல்திட்டுக்குத் தனி விதிகள் வந்தன. ஆட்களை அழைத்துப் போகிற படகுகள் உரிமம் வாங்க வேண்டும் என்றார்கள். 2013இல் தீவின் கடல் முழுவதிலும் திருக்கை பிடிப்பது தடை செய்யப்பட்டது. உலகின் வேறு பல கடல்களில் இதே குடும்பத்து மீன்கள் கணக்கின்றி வலையில் அள்ளப்படும்போது, இந்தச் சிறிய தீவுகளில் அவை கிழடாகிச் சாகும் வரை வாழ முடிகிறது.

என் முடிவு இது: போகலாம், ஆனால் அளவோடு. குறைந்த ஆட்கள் போகிற படகு, குறைந்த இரை, தூக்காத கை, நெரிசல் இல்லாத நேரம். சின்னப் படகைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்கு நம் வசதி மட்டும் காரணமல்ல. அறுபது பேர் ஒரே நேரத்தில் குதிக்கிற இடத்தில் திருக்கைக்கு விலகிப்போக இடமே இருக்காது. மகள் வர விரும்பினால் இரை கொடுக்காமல் முகமூடி மட்டும் போட்டுக்கொண்டு பார்க்கட்டும். அதுவே நல்ல பாடம். வரவே மாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள். அதே கடற்கழியில் பவளப்பாறையை மட்டும் பார்க்கிற முக்குளிப்புப் பயணங்களும் உண்டு.

பல படகுகள் நட்சத்திர மீன் முனைக்கும் போகும். முழங்கால் தண்ணீரில் சிவந்த நட்சத்திர மீன்கள் கிடக்கும். அவற்றையும் வெளியே எடுக்கக் கூடாது, ஒரு படத்துக்காகக் கூட.

கேள்வி: மழை, காற்று என்று கப்பல் நிற்காமலே போய்விட்டால் கட்டிய பணம்?
வாசகி, நியூ ஜெர்சி

பதில்: நவம்பர் முதல் மார்ச் வரை வடமேற்குக் காற்று வீசுகிற நாட்களில் ஜார்ஜ் டவுன் பக்கம் கடல் கொந்தளிக்கும். சில நேரம் தெற்குக் கரையில் ஸ்பாட்ஸ் என்ற இறங்குதுறைக்குக் கப்பலைக் கொண்டுபோவார்கள். சில நேரம் நிற்காமலே போய்விடுவார்கள். கப்பலில் வாங்கிய சுற்றுலாவுக்குப் பணம் தானாகத் திரும்பும். வெளியே வாங்கினால், 'கப்பல் வராவிட்டால் முழுப் பணமும் திரும்பும்' என்ற வரி ரசீதில் இருக்க வேண்டும். முன்பணம் மட்டும் வாங்கிக்கொண்டு மீதியைப் படகில் வாங்குகிறவர்கள் இன்னும் நல்லது. ஸ்பாட்ஸில் இறங்க நேர்ந்தால் அங்கே வந்து அழைத்துப் போவார்களா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: அன்றைக்குக் கூட்டம் எவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டியே தெரியுமா?
வாசகர், சிங்கப்பூர்

பதில்: தெரியும். எந்த நாளில் எந்தெந்தக் கப்பல்கள் வருகின்றன என்ற அட்டவணையைக் கேமன் துறைமுக ஆணையம் இணையத்தில் வெளியிடுகிறது. உங்கள் கப்பல் மட்டும் என்றால் எந்த நேரமும் சரி. நான்கு கப்பல்கள் என்றால் படகுக்காரரிடம், "மற்றவர்கள் மணல்திட்டில் இருக்கும்போது எங்களைப் பவளப்பாறைக்கு அழைத்துப் போய்விட்டு, அவர்கள் கிளம்பியதும் மணல்திட்டுக்குக் கூட்டி வருவீர்களா?" என்று கேளுங்கள். சின்னப் படகால் இதைச் செய்ய முடியும். பெரிய படகின் அட்டவணை நிமிடக் கணக்கில் கட்டப்பட்டது, அசையாது.

கேள்வி: என்ன உடுத்துவது? நீச்சல் தெரியாத அம்மா இறங்கலாமா?
வாசகி, டாலஸ்

பதில்: புடவையும் பருத்திச் சுடிதாரும் வேண்டாம், நனைந்தால் கனத்துக் காலைச் சுற்றும். நீச்சலுக்கான முழுக்கைச் சட்டையும் முழுநீளக் கால்சட்டையும் எல்லாக் கடைகளிலும் கிடைக்கின்றன. வெயிலுக்கும் அதுவே காப்பு. உடம்பு மூடியிருந்தால் வெயில்காப்புக் களிம்பும் குறைவாகப் போதும், தண்ணீரில் எண்ணெய் கலக்காது. மணல்திட்டில் காலணி போடக் கூடாது, அதுவும் விதி. மணல் மாவு போல நைசாக இருக்கும், வெறுங்காலே சுகம். மோதிரம், வளையல், கொலுசு எல்லாம் கப்பல் அறைப் பெட்டகத்தில் இருக்கட்டும்.

நீச்சல் தெரியாவிட்டாலும் இறங்கலாம், இடம் சரியாக இருந்தால். இரண்டு இடங்களை ஒரே பெயரில் விற்கிறார்கள். ஒன்று முக்குளிப்பவர்கள் போகிற, பன்னிரண்டு அடிக்குக் குறையாத ஆழம். இன்னொன்று இடுப்பளவு மணல்திட்டு. உங்களுக்கு வேண்டியது மணல்திட்டு என்று பதிவிலேயே எழுதச் சொல்லுங்கள். இடுப்பளவு என்பது பெரியவர்களுக்கு. ஏழு வயதுப் பிள்ளைக்கு அது கழுத்தளவு, அலை வந்தால் அதற்கும் மேல். பிள்ளைக்கும் அம்மாவுக்கும் உயிர்காப்புச் சட்டை கட்டாயம். அளவு பொருந்துகிறதா என்று படகு புறப்படும் முன்பே மாட்டிப் பாருங்கள். அக்குளில் இறுக்கியும் தோளைப் பிடித்துத் தூக்கினால் காது வரை ஏறுகிறது என்றால் அது பெரிய அளவு. மாற்றித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: முட்டி வலியால் தண்ணீரில் இறங்க முடியாத அப்பாவையும் அழைத்துப் போகலாமா, கப்பலிலேயே விட்டுவிடலாமா?
வாசகர், சார்லட்

பதில்: அழைத்துப் போங்கள். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவு. படகு ஓரத்தில் உட்கார்ந்தே திருக்கைகள் அடியில் சுற்றுவதைப் பார்க்கலாம். ஆனால் இரண்டு ஏற்ற இறக்கங்கள் அவருக்கு உண்டு: கப்பலிலிருந்து டெண்டருக்கு, படகுத்துறையிலிருந்து படகுக்கு. டெண்டர் ஆடுகிறபோது இரண்டு பக்கமும் பணியாளர்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அவசரப்படாமல் அவர்கள் சொல்லும்போது அடியெடுத்து வைத்தால் போதும். படகில் கூரை நிழல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, எஞ்சின் புகை வராத முன்பக்கத்து இருக்கையை அப்பாவுக்கு முதலிலேயே ஒதுக்கித் தரச் சொல்லுங்கள்.